அம்மாவின் மேமோகிராம் ரிப்போர்ட்டில் 'பைராட்ஸ் 0': என்ன அர்த்தம், அடுத்து என்ன?

கேள்வி இதுதான். நாகர்கோவிலில் இருக்கும் அம்மாவுக்கு 54 வயது. கைக்குக் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை, வலியும் இல்லை. முழு உடல் பரிசோதனையோடு சேர்த்து முதல்முறையாக மேமோகிராம் எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் 'அடர்த்தி சி', 'இடது மார்பின் மேல் வெளிப்பகுதியில் க்ரூப்டு மைக்ரோகால்சிஃபிகேஷன்', 'பைராட்ஸ் 0' என்று போட்டிருக்கிறது. இது கேன்சரா? மூட்டு வலிக்குச் சாப்பிடும் கால்சியம் மாத்திரையால் வந்ததா, நிறுத்திவிடலாமா? 29 வயது தங்கையும் எடுக்க வேண்டுமா?

நான் ரேடியாலஜிஸ்ட். மேமோகிராம் படிப்பது என் தினப்படி வேலை. படத்தைப் பார்க்காமல் அது என்ன என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூன்று வரிகளுக்கு என்ன பொருள், அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று சொல்ல முடியும். மாத்திரை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன்: நிறுத்த வேண்டாம். வாயில் போடும் கால்சியத்துக்கும் மைக்ரோகால்சிஃபிகேஷன் என்கிற, மார்பில் தெரியும் சுண்ணாம்புப் புள்ளிகளுக்கும் சம்பந்தமே இல்லை. பால், கேழ்வரகு எதையும் குறைக்க வேண்டியதில்லை.

பைராட்ஸ் 0 என்றால் ரிப்போர்ட் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். எடுத்த நான்கு படங்களை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது, கூடுதல் படமோ ஸ்கேனோ பழைய படமோ வேண்டும் என்று படித்தவர் சொல்கிறார். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு வருபவர்கள் இரண்டு வகை. 'சைபர் போட்டிருக்காங்க, ஒண்ணும் இல்ல' என்று பீரோவில் வைத்துவிட்டு ஒரு வருடம் கழித்து வருபவர்கள் ஒரு வகை. அன்றைக்கே கூகுளில் தேடி, இரவெல்லாம் தூங்காமல், கண்கள் சிவந்து வருபவர்கள் இன்னொரு வகை. எனக்குக் கவலை முதல் வகையைப் பற்றித்தான்.

இந்த எண்களை வகுத்தது அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரேடியாலஜி என்ற மருத்துவர் அமைப்பு, 1993ல். அதற்கு முன்னால் ஒவ்வொரு ரேடியாலஜிஸ்ட்டும் தனக்குத் தோன்றிய மொழியில் எழுதுவார். படிக்கும் சர்ஜனுக்கு அறுப்பதா விடுவதா என்று புரியாது. இப்போது உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே கணக்கு. 1 என்றால் எதுவுமே இல்லை. 2 என்றால் ஏதோ இருக்கிறது, ஆனால் சாதுவானது. 3 என்றால் பெரும்பாலும் சாது. கேன்சராக இருக்க 100க்கு 2 அல்லது அதற்கும் கீழேதான் வாய்ப்பு, 6 மாதத்தில் மறுபடி பார்த்தால் போதும். 4 என்றால் பயாப்ஸி, அதாவது கொஞ்சம் சதை எடுத்துச் சோதிப்பது, வேண்டும். இந்த 4தான் மிக அகலமான வகை: 4ஏ என்றால் 100க்கு 2 முதல் 10 வரை, 4பி என்றால் 10 முதல் 50 வரை, 4சி என்றால் 50 முதல் 95 வரை. 5 என்றால் 95க்கும் மேல். 6 என்பது ஏற்கெனவே பயாப்ஸியில் கேன்சர் என்று உறுதியானவர்களுக்கு. வெறுமனே 'பைராட்ஸ் 4' என்று போட்டு ஏ, பி, சி எழுதாத ரிப்போர்ட் கையில் கிடைத்தால், எழுதியவரிடமே போய் எந்த உட்பிரிவு என்று கேளுங்கள். 5க்கும் 80க்கும் உள்ள வித்தியாசத்தை மறைக்கும் ரிப்போர்ட் எனக்குப் பிடிக்காது.

உங்கள் அம்மாவுக்கு இந்த வரிசையில் இடமே இன்னும் ஒதுக்கவில்லை.

இப்போது படத்துக்கு வருவோம். மேமோகிராம் என்பது குறைந்த சக்தியுள்ள எக்ஸ்ரே. மார்பில் இருப்பது முக்கியமாகக் கொழுப்பும் பால் சுரப்பித் திசுவும்தான். கொழுப்பைக் கதிர் எளிதாகக் கடந்துவிடும், அதனால் அது கறுப்பாக விழும். சுரப்பித் திசு வெள்ளையாக விழும். பிரச்சினை என்னவென்றால், கேன்சரும் வெள்ளைதான். கொழுப்பு அதிகமுள்ள மார்பில் ஒரு சென்டிமீட்டர் கட்டிகூடப் பளிச்சென்று தெரியும். சுரப்பி அதிகமுள்ள மார்பில் அதே கட்டியைத் தேடுவது, வெண்மேகம் அடைத்த வானத்தில் கொக்கைத் தேடுகிற வேலை.

அந்த 'அடர்த்தி சி' இதைத்தான் சொல்கிறது. ஏ என்றால் கிட்டத்தட்ட எல்லாமே கொழுப்பு. பி என்றால் ஆங்காங்கே சுரப்பி. சி என்றால் சுரப்பி அதிகம், சின்னக் கட்டிகள் ஒளிந்துகொள்ளலாம். டி என்றால் மிக மிக அதிகம். அமெரிக்கப் பெண்களில் சுமார் 10 சதவீதம் ஏ, 40 பி, 40 சி, 10 டி. ஆக சி என்பது நோய் இல்லை; பாதிப் பேருக்கு சி அல்லது டிதான். அடர்த்தியைக் கையால் தொட்டுக் கண்டுபிடிக்க முடியாது. கெட்டியாக இருக்கும் மார்பு கொழுப்பாக இருக்கலாம், தளர்ந்தது அடர்த்தியாக இருக்கலாம். ஆனாலும் இந்த எழுத்தை அலட்சியம் செய்ய வேண்டாம்: அடர்த்தி கூடும்போது படத்தில் கேன்சர் தப்பும் வாய்ப்பும் கூடுகிறது, கேன்சர் வருவதற்கான வாய்ப்பும் ஓரளவு கூடுகிறது. அமெரிக்காவில் 2024 செப்டம்பர் முதல் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவர் அடர்த்தி என்னவென்று எழுத்தில் தெரிவித்தாக வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. நம் ஊரில் ரிப்போர்ட்டின் முதல் வரியில் இருக்கும்; யாரும் படிப்பதில்லை. சி, டி என்று வந்தால் மேமோகிராமோடு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். டோமோசிந்தசிஸ் என்கிற 3டி மேமோகிராம் கிடைத்தால் இன்னும் நல்லது. குழாய் ஒரு வளைவில் நகர்ந்து பல கோணங்களில் படம் பிடிப்பதால், மேலும் கீழும் இருக்கும் திசுக்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து ஏமாற்றுவது குறைகிறது.

ஒவ்வொரு பக்கமும் இரண்டு படம். மேலிருந்து கீழாக ஒன்று, அக்குள் பக்கமிருந்து சாய்வாக ஒன்று. சாய்வுப் படம்தான் உயிர்நாடி. மார்பகக் கேன்சரில் ஏறக்குறைய பாதி, மேல் வெளிப்பகுதியில், அதாவது அக்குளை ஒட்டிய பக்கத்தில்தான் வருகிறது. அந்தப் படத்தில் நெஞ்சுத் தசை காம்பின் மட்டம் வரை இறங்கித் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மார்பின் பின்பகுதி படத்துக்குள் வரவில்லை என்று பொருள். திரும்ப எடுக்கச் சொல்வேன். டெக்னீஷியன் தோளைத் தளர்த்தச் சொல்லி, உள்ளே இழுத்து, இன்னும் கொஞ்சம் என்று நெருக்குவது இதற்காகத்தான். அழுத்துவது சில விநாடிகள்தான். திசு பரந்து மெலிந்தால் ஒன்றன் பின்னால் ஒன்று மறையாது, படம் அசைந்து கலங்காது, கதிர் அளவும் குறையும். வலி தாங்காதவர்கள், மாதவிலக்கு இருக்கும் வயதென்றால், விலக்கு முடிந்த அடுத்த வாரத்தில் போங்கள். மார்பு அப்போது அவ்வளவு நோகாது.

இரண்டு பக்கத்துப் படங்களையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் எதிரெதிரே வைத்துத்தான் படிப்போம். வலதில் இல்லாத வெள்ளைத் திட்டு இடதில் இருக்கிறதா, இடதில் கோடுகள் ஒரு புள்ளியை நோக்கிச் சுருங்குகின்றனவா என்று கண் தேடும். அதற்கு முன்னால் சில இடைஞ்சல்களைக் கடக்க வேண்டும். தாலிச் செயினைக் கழற்ற மாட்டேன் என்பவர்கள் உண்டு. அதைப் பின்பக்கம் தள்ளி, பிளவுஸில் ஊக்குப் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள், பிரச்சினை இல்லை. உண்மையான தொல்லை டால்கம் பவுடர். குளித்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று அக்குளில் கூடுதலாகவே பூசிக்கொண்டு வருவார்கள். படத்தில் அது அக்குள் மடிப்பில் பொடிப் பொடியாக, அச்சு அசலாக மைக்ரோகால்சிஃபிகேஷன் மாதிரியே விழும். சந்தேகம் வந்தால் ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு இன்னொரு படம்; புள்ளிகள் காணாமல் போய்விடும். டியோடரன்ட்டும் இதே வேலையைச் செய்யும். உங்கள் அம்மாவுக்கு மறுபடம் எடுக்கப் போகும்போது பவுடர், டியோடரன்ட், மார்பில் தடவும் களிம்பு எதுவும் வேண்டாம் என்று சொல்லுங்கள். சேலை அல்லது சுடிதார் டாப் வசதி. நைட்டி போட்டுப் போனால் முழுக்கக் கழற்ற வேண்டியிருக்கும்.

சரி, அந்தக் கால்சிஃபிகேஷன். அம்மாவின் ரிப்போர்ட்டில் இதுதான் முக்கியமான வார்த்தை.

மார்பில் சுண்ணாம்பு படிவது சர்வ சாதாரணம். 50 வயதுக்கு மேல் மேமோகிராம் எடுத்தால் ஏதோ ஒரு சுண்ணாம்புப் புள்ளி பெரும்பாலும் இருக்கும். ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்தால் இரண்டு இணைகோடுகளாக ஓடும். மார்புக்கு அதனால் கெடுதல் இல்லை, ஆனால் இதயக் குழாய்க் கோளாறோடு அதற்கு ஒரு தொடர்பு இருப்பது தெரியவந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் அப்படிப் பார்த்தால் சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் பார்த்துக்கொள்ளச் சொல்வேன். ஃபைப்ரோஅடினோமா என்கிற சாதுவான பழைய கட்டி வற்றிப்போனால் பாப்கார்ன் போலப் பெரிய கட்டிச் சுண்ணாம்பு. தோலில் இருப்பவை நடுவில் வெளிறிய குட்டி வளையங்கள். யானைக்கால் நோய் இருந்த பகுதிகளில் இன்னொன்று பார்க்கலாம்: செத்துப்போன ஃபைலேரியாப் புழு சுண்ணாம்பாகி, வளைந்து நெளிந்த நூலாகத் தெரியும். வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் ஓர் ஓரத்தில் இருக்கும் படம், நம் பக்கத்து ரேடியாலஜிஸ்ட்டுக்குப் பழகிய முகம். இவை எல்லாமே பைராட்ஸ் 2தான்.

கவனிக்க வேண்டியவை அரை மில்லிமீட்டருக்கும் சிறியவை, ஒரே இடத்தில் கூடி இருப்பவை, ஒன்று போல ஒன்று இல்லாதவை. ஏன் என்று கேட்டால், பால் நாளத்துக்குள் கெட்ட செல்கள் பெருகி அடைக்கும்போது நடுவில் இருப்பவற்றுக்கு ரத்தம் எட்டாது. அவை செத்துப்போகும், செத்த இடத்தில் சுண்ணாம்பு படியும். நாளம் எப்படிப் போகிறதோ, அந்த வடிவத்திலேயே கோடாக, கிளை பிரிந்து படியும். அந்த நிலையில் கட்டி என்று ஒன்றே உருவாகியிருக்காது, எந்த டாக்டரின் கைக்கும் அகப்படாது. நாளத்தை விட்டு வெளியே வராத இந்த நிலைக்கு டிசிஐஎஸ் என்று பெயர். அதைப் பிடிக்க மேமோகிராமை விட்டால் நமக்குப் பெரிய வழி கிடையாது.

1913ல் பெர்லினில் ஆல்பர்ட் சாலமன் என்ற சர்ஜன், அறுத்தெடுத்த மார்பகங்கள் 3000 வரை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். இந்தப் புள்ளிகள் அவர் கண்ணில் பட்டன. ஆனால் இவைதான் துப்பு என்று அவருக்குப் புரியவில்லை. உருகுவே நாட்டு ரேடியாலஜிஸ்ட் ரவுல் லெபோர்ன் 1950 வாக்கில்தான் மைக்ரோகால்சிஃபிகேஷனுக்கும் கேன்சருக்கும் உள்ள உறவை அழுத்திச் சொன்னார். மார்பை அமுக்கி எடுத்தால்தான் படம் தெளியும் என்று வற்புறுத்தியவரும் அவரே. வலிக்கிறது என்று திட்டுபவர்கள் யாரைத் திட்டுவது என்று தெரிந்துகொள்ளலாம்.

க்ரூப்டு என்றால் புள்ளிகள் ஒரு சின்ன இடத்தில் கூட்டமாக இருக்கின்றன என்று மட்டும்தான். அவற்றின் வடிவம்தான் தலையெழுத்தைத் தீர்மானிக்கும், சாதாரண நான்கு படத்தில் அது தெளிவாகத் தெரியாது. அதனால்தான் 0. உருண்டையாக, ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் குறைவு. வடிவம் சொல்ல முடியாதபடி மங்கலாக இருந்தால் 5ல் ஒன்று போலக் கேன்சராக இருக்கலாம். நுண்ணியதாக, பல வடிவமாக இருந்தால் 10ல் 3. மெல்லிய கோடாகக் கிளை பிரிந்தால் 10ல் 7. ஒரே வார்த்தைக்குள் இவ்வளவு தூரம் இருக்கிறது. கூகுளில் 'மைக்ரோகால்சிஃபிகேஷன்' என்று மட்டும் தேடினால் ஏன் பாதிப் பக்கம் பயமுறுத்துகிறது, பாதிப் பக்கம் தேற்றுகிறது என்பது இப்போது புரியும்.

அடுத்து அம்மாவுக்கு எடுக்க வேண்டியது மேக்னிஃபிகேஷன் வியூ என்கிற பெரிதாக்கிய படம். அந்தச் சின்னப் பகுதியை மட்டும் நெருக்கி, மேலிருந்து ஒன்று, நேர்ப் பக்கவாட்டில் ஒன்று எடுப்பார்கள். பக்கவாட்டுப் படம் சில சமயம் ஒரே நொடியில் வழக்கை முடித்துவிடும். சின்னஞ்சிறு நீர்க்கட்டிகளுக்குள் சுண்ணாம்பு நீரில் கலந்து இருந்தால், மேலிருந்து பார்க்கும்போது மங்கலான புள்ளிகளாகத் தெரியும். நின்றபடி பக்கவாட்டில் எடுத்தால் சுண்ணாம்பு கட்டியின் அடியில் படிந்து பிறை வடிவில் தெரியும். அப்படித் தெரிந்தால் பைராட்ஸ் 2, வீட்டுக்குப் போகலாம். இன்னும் ஏன் 0 போட்டார்கள் என்று கோபப்படாதீர்கள். போட்டவர் ஒழுங்காக வேலை செய்திருக்கிறார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் நிறையப் பேர், 'மேமோ வலிக்குது, ஸ்கேன் பண்ணிப் பார்த்துட்டோம், நார்மல்' என்று முடித்துக்கொள்கிறார்கள். கட்டி விஷயத்தில் ஸ்கேன் அருமையான கருவி. நீர்க்கட்டியா கெட்டிக்கட்டியா என்று உடனே சொல்லிவிடும், அடர்த்தியான மார்பில் மேமோகிராம் தவறவிட்டதைப் பிடிக்கும், ஊசிக்கு வழிகாட்டும். ஆனால் மைக்ரோகால்சிஃபிகேஷன் பெரும்பாலும் ஸ்கேனில் தெரியவே தெரியாது. ஆக, இந்தக் கண்டுபிடிப்புக்கு ஸ்கேன் நார்மல் என்பது பதில் ஆகாது. யாராவது அப்படிச் சொல்லி அனுப்பினால், மேக்னிஃபிகேஷன் வியூ எங்கே எடுப்பார்கள் என்று கேளுங்கள்.

பெரிதாக்கிய படத்தில் 3 என்று வந்தால் 6 மாதத்தில் மறுபடம், அப்புறம் மொத்தம் இரண்டு மூன்று வருடம் கண்காணிப்பு. மாறவில்லை என்றால் 2க்கு இறக்கிவிடுவோம். 4 என்று வந்தால் பயாப்ஸி. கைக்குத் தெரியாத, ஸ்கேனிலும் தெரியாத புள்ளிகள் என்பதால் மேமோகிராம் கருவியின் துணையோடுதான் ஊசி போட வேண்டும். ஸ்டீரியோடாக்டிக் பயாப்ஸி என்று சொல்வார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, திசுவை மெல்லிய துண்டுகளாக எடுப்பார்கள். எடுத்த துண்டுகளையே எக்ஸ்ரே எடுத்து, சுண்ணாம்பு உள்ளே வந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுவார்கள். வரவில்லை என்றால் குறி தப்பியிருக்கிறது, அந்த ரிசல்ட்டை நம்பக் கூடாது. இந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. இல்லாத இடத்தில் மேமோகிராமில் பார்த்து ஒரு மெல்லிய கம்பியைச் செருகி இடத்தைக் குறித்துக் கொடுப்பார்கள், சர்ஜன் அந்தக் கம்பியைப் பின்தொடர்ந்து அந்தத் துண்டை எடுப்பார். அதுவும் சரியான வழிதான். பெரிய மையம் ஒன்றுக்கு ஒரு தடவை போய்வர முடியும் என்றால், திருவனந்தபுரமோ மதுரையோ, எடுத்துக்கொள்ளும் சிரமத்துக்குத் தகும்.

'ஊசி குத்தினா பரவிடும்', 'கத்தி பட்டா பெருசாயிடும்' என்று சொந்தக்காரர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். பயாப்ஸி ஊசியால் ஆயுள் குறைகிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. கத்தி வைத்த பிறகு பெருகியதாக ஊரில் பேசப்படும் கேஸ்களை விசாரித்தால், பெரும்பாலும் முற்றிய நிலையில் வந்தவர்களாகவோ, பயாப்ஸி செய்துவிட்டு வைத்தியத்துக்குப் போகாதவர்களாகவோ இருப்பார்கள்.

கால்சிஃபிகேஷன் தவிர மேமோகிராம் காட்டும் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டி என்றால் அதன் விளிம்பைப் பார்ப்போம்: வழவழப்பான வட்டம் என்றால் நீர்க்கட்டியோ ஃபைப்ரோஅடினோமாவோ, ஸ்கேன் செய்தால் தெரிந்துவிடும். விளிம்பிலிருந்து முள் முள்ளாகக் கோடுகள் கிளம்பினால் சந்தேகம் மிக அதிகம். கட்டியே இல்லாமல் திசுவின் கோடுகள் மட்டும் ஓரிடத்தில் இழுபட்டிருந்தால் பழைய ஆபரேஷன் தழும்பா என்று முதலில் கேட்போம். தழும்பு இல்லையென்றால் அது லேசான விஷயம் இல்லை. அக்குள் நெறிகள் வீங்கியிருந்தால் கேன்சர் மட்டும்தான் காரணம் என்றில்லை. டிபி, முடக்குவாதம், 2021ல் கோவிட் தடுப்பூசி போட்ட கை என்று பல காரணங்களைப் பார்த்திருக்கிறோம்.

காட்டாதவையும் உண்டு. கேன்சரே இருந்தாலும் அது எந்த வகை, ஹார்மோன் வைத்தியத்துக்குக் கட்டுப்படுமா, என்ன வேகம் என்பதெல்லாம் படத்தில் தெரியாது. அதற்கு சதை டெஸ்ட் வேண்டும். அதைவிட முக்கியம், 8 கேன்சரில் ஏறக்குறைய ஒன்றை மேமோகிராம் தவறவிடுகிறது. லோபுலர் என்ற வகை, கட்டியாகத் திரளாமல் செல்கள் ஒற்றை வரிசையில் ஊர்ந்து பரவும். படத்தில் பல சமயம் அடங்கியே இருக்கும். அதனால் கைக்குக் கட்டி தெரிகிறது, மேமோகிராம் நார்மல் என்றால் நம்ப வேண்டியது கையைத்தான். காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம் கலந்த நீர், தோலில் குழி, தோல் ஆரஞ்சுத் தோல் போலத் தடிப்பது: போன மாதம்தான் மேமோ எடுத்தோம் என்றாலும் மறுபடி டாக்டரிடம் போக வேண்டும். வெறும் வலி மட்டும் என்றால், கேன்சராக இருப்பது அபூர்வம்.

உங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்க ஒரு கணக்கு. அமெரிக்காவில் அறிகுறி எதுவும் இல்லாத 1000 பெண்களுக்கு மேமோகிராம் எடுத்தால், சுமார் 100 பேரைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். அந்த 100ல் கேன்சர் என்று முடிவாவது 5 பேர் அளவில்தான். முதல்முறை எடுப்பவர்களைத் திரும்பக் கூப்பிடுவது இன்னும் அதிகம், ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் இல்லை. நான்கு வருடமாக அப்படியே இருக்கும் புள்ளிக்கூட்டத்தைப் பார்த்தால் யாரும் 0 போட மாட்டார்கள். அம்மா முன்பு எங்காவது மேமோகிராம் எடுத்ததே இல்லையா என்று இன்னொரு தடவை கேளுங்கள். கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு முன்போ, ஊரில் நடந்த முகாமிலோ எடுத்து மறந்திருப்பார்கள். இந்தப் படத்தின் ஃபிலிமையும் சிடியையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். காகிதத்தில் பிரின்ட் போட்டுத் தந்தது எங்களுக்குப் பயன்படாது, அரை மில்லிமீட்டர் புள்ளி அதில் தெரியாது. வாட்ஸ்அப்பில் ஃபிலிமைப் போட்டோ எடுத்து அனுப்பினால் இன்னும் மோசம்.

கதிர்வீச்சைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மறுபடம் என்றதும் அம்மா கேட்பார். இரண்டு மார்புக்கும் சேர்த்து ஒரு மேமோகிராமுக்கு சுமார் 0.4 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் எல்லோர் மேலும் வருடத்துக்கு சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் விழுந்துகொண்டுதான் இருக்கிறது, ஆக இது இரண்டு மாதக் கணக்கு. நீங்கள் நாகர்கோவில்காரர், மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கதிர் வீசும் மோனசைட் கனிமம் இருப்பதால் அந்தப் பக்கம் இயற்கை அளவே கூடுதல் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு கூடுதல் படத்துக்குப் பயந்து நிற்க வேண்டாம்.

கடைசியாகத் தங்கை. எந்த வயதில் மேமோகிராம் தொடங்குவது என்பதில் நாட்டுக்கு நாடு வித்தியாசம். அமெரிக்க அரசின் தடுப்பு மருத்துவக் குழு 2024ல், 40 முதல் 74 வரை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை என்றது. பிரிட்டனில் 50 முதல் 71 வரை, மூன்று வருடத்துக்கு ஒரு தடவை. இந்தியாவில் எல்லோருக்கும் மேமோகிராம் என்ற திட்டம் கிடையாது. 30 முதல் 65 வயது வரை, ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் பரிசோதிப்பதுதான் அரசுத் திட்டம். அதை ஏளனமாக நினைக்க வேண்டாம். மும்பை டாட்டா மெமோரியல் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒன்றரை லட்சம் பெண்களை 20 வருடம் பின்தொடர்ந்து, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வெறும் கைப் பரிசோதனையாலேயே 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகக் கேன்சர் மரணம் 30 சதவீதம் அளவுக்குக் குறைந்தது என்று 2021ல் காட்டினார்கள். 50க்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை.

29 வயதில், அறிகுறி இல்லாமல், மேமோகிராம் வேண்டாம். அந்த வயதில் மார்பு பெரும்பாலும் அடர்த்தியாக இருக்கும், படம் சொல்வது குறைவு. கட்டி எதாவது தட்டுப்பட்டால் முதலில் ஸ்கேன். அம்மாவுக்கு ஒருவேளை கேன்சர் என்று முடிவானாலும், அம்மாவின் வயதிலிருந்து பத்து வருடம் முன்னதாகத் தொடங்குவது என்பது வழக்கமான கணக்கு. அது 44 ஆகிறது, அதற்கு முன்பே 40ல் தொடங்கிவிடலாம். கணக்கு மாறுவது, குடும்பத்தில் பலருக்கு, இளவயதில், மார்பக அல்லது சினைப்பைக் கேன்சர் வந்திருந்தால்தான். அப்போது பிஆர்சிஏ என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை பற்றிப் பேச வேண்டும். அந்த மாற்றம் இருப்பவர்களுக்கு 20களின் பின்பாதியிலேயே எம்ஆர்ஐ தொடங்குவார்கள். எனவே தங்கை இப்போது செய்யக்கூடிய வேலை ஒன்றுதான்: பாட்டி, பெரியம்மா, சித்தி மட்டுமில்லாமல் அத்தை, அப்பாவின் அம்மா என்று இரண்டு பக்கமும் யாருக்கு, எந்த வயதில், என்ன கேன்சர் என்று கேட்டு எழுதி வைப்பது. அப்பா வழியாகவும் அந்த மரபணு அதே அளவுக்கு வரும். டாக்டர்கள்கூடப் பல சமயம் அம்மா பக்கத்தை மட்டுமே கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.